பெங்களூரு – தூத்துக்குடி 496 கி.மீ.: வானத்தில் எவ்வளவு நேரம், வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம்?

ஏரல் மகன் (எலக்ட்ரானிக் சிட்டி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா தூத்துக்குடிப் பக்கம் ஏரலில் இருக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். பொங்கல் முடிந்த கையோடு அவரைப் பெங்களூருக்கு அழைத்துவந்து எங்களோடு வைத்துக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம். ரயிலா, காரா, விமானமா என்பதில்தான் வீட்டில் பேச்சு முடியவில்லை.

தூரம் கணக்கிடும் இணையதளம் ஒன்று, பெங்களூரு, தூத்துக்குடி விமான நிலையங்களுக்கு இடையே 496 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் என்றும் சொல்கிறது. டிக்கெட் விற்கும் தளத்தில் ஒன்றரை மணி நேரம் என்று இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்று ஊரில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இவற்றில் எதை நம்பி நான் திட்டம் போடுவது? அம்மாவால் ஒரே இடத்தில் அதிக நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது. அதனால் அரை மணி நேரம் கூடினாலும் குறைந்தாலும் எங்களுக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மனைவியின் தாய்மாமா ஓமலூரில் இருக்கிறார். அம்மாவைப் பார்க்க அவரும் இங்கே வர நினைக்கிறார். சேலம் விமான நிலையம் அவர் வீட்டுக்குப் பக்கம். அவருக்கும் விமானமே நல்லதா?

வானக்கணக்கன் (எலகங்கா)

வணக்கம் தம்பி. விமானங்களுக்குப் பயணத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் சொன்ன முதல் இரண்டு கணக்குகளும் சரியானவை. மூன்றாவதை மறந்துவிடுங்கள். தூத்துக்குடியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் எந்தப் பயணிகள் விமானமும் உங்களைப் பெங்களூரில் இறக்கிவிடாது.

முதலில் தூரம். இதற்கு இணையதளமே தேவையில்லை, ஒரு தாள் போதும். தேவனஹள்ளியில் இருக்கும் கெம்பேகவுடா விமான நிலையம் வட அட்சரேகை 13.20 பாகையில் இருக்கிறது. தூத்துக்குடி வாகைகுளம் 8.72 பாகையில் இருக்கிறது. வித்தியாசம் ஏறக்குறைய 4.47 பாகை. நம் பகுதியில் ஒரு பாகைக்கு 110.6 கி.மீ. என்று பெருக்கினால் 495 கி.மீ. வருகிறது. தீர்க்கரேகையில் பெங்களூரு 77.71, வாகைகுளம் 78.03. வித்தியாசம் 0.32 பாகைதான். இந்த அட்சத்தில் அது 35 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 496. விமானிகளின் கணக்கில் 268 கடல் மைல்.

அடுத்தது நேரம். இந்தத் தடத்தில் ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்ற இரட்டை விசிறி விமானம். உயரத்தை எட்டியபின் அது மணிக்குச் சுமார் 510 கி.மீ. வேகத்தில் செல்லும். 496-ஐ 510-ஆல் வகுத்தால் 58 நிமிடம் வருகிறது. நீங்கள் பார்த்த தளம் இதோடு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சில நிமிடங்களைச் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் என்று காட்டுகிறது. டிக்கெட்டில் இருக்கும் ஒன்றரை மணி நேரம் வேறு கணக்கு. அதற்குத் துறையில் பிளாக் டைம் என்று பெயர். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நொடி முதல், போய்ச் சேர்ந்த ஊரில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நொடி வரை அது ஓடும். உங்கள் அம்மா இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கப்போவது இந்த நேரம்தான். ஆகவே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றரை மணி நேரம்.

சுங்கடி (ராமமூர்த்தி நகர்)

ஐயா, எனக்கு நெடுநாளாக இருக்கும் சந்தேகம் இது. 58 நிமிடத்துக்கும் 90 நிமிடத்துக்கும் நடுவே அரை மணி நேரம் இருக்கிறதே. தாமதமாக வந்தாலும் சரியான நேரத்தில் வந்ததாகக் காட்டிக்கொள்ள நிறுவனங்கள் இப்படி நேரத்தைக் கூட்டிப் போடுவதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். உண்மையா?

வானக்கணக்கன் (எலகங்கா)

அதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது அம்மா. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடங்களுக்குள் வந்துவிட்டால் அந்த விமானம் நேரம் தவறாததாகக் கணக்கில் ஏறும். அதனால் அட்டவணை போடுபவர்கள் சில நிமிடங்களைக் கையிருப்பாக வைப்பது வழக்கம். ஆனால் அரை மணி நேரமும் அப்படிப் போவதில்லை. தம்பியின் அம்மா வரப்போகும் திசையிலேயே, தூத்துக்குடியிலிருந்து பெங்களூருக்கு, விமானத்தோடு சேர்ந்து போய்ப் பார்ப்போம்.

வாகைகுளத்தில் நெரிசல் இல்லை. நகரத் தொடங்கிய சில நிமிடங்களில் விமானம் மேலே எழுந்துவிடும். ஆனால் எழுந்தவுடன் 510 கி.மீ. வேகம் கிடைக்காது. கடல்மட்டத்துக்கு மிக அருகிலிருந்து பதினேழு, பதினெட்டாயிரம் அடிக்கு ஏற வேண்டும். ஏறும்போது ஏ.டி.ஆர். மெதுவாகத்தான் போகும். இதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பிறகு சீரான ஓட்டம். சேலத்தைத் தாண்டியபின் பெங்களூருக்கான இறக்கம் தொடங்கிவிடும், வேகமும் குறையத் தொடங்கும்.

உண்மையான நேர இழப்பு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பெங்களூரின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. விமானமோ தெற்கிலிருந்து வருகிறது. நேராக வந்து இறங்க வழியே இல்லை. தை மாதத்தில் பெரும்பாலும் கீழைக்காற்று வீசும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும் என்பதால் ஓடுபாதையின் மேற்கு முனையைத் தாண்டிப் போய், திரும்பி, கிழக்கு நோக்கி இறங்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காலத்தில் இதற்கு நேர் எதிர்த்திசை. எப்படியானாலும் ஒரு சுற்று உண்டு. அதற்கும் முன்னும் பின்னும் வேறு விமானங்கள் வரிசையில் இருக்கும். டெல்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் வரும் ஜெட் விமானங்களுக்கு நடுவே மெதுவாக வரும் ஏ.டி.ஆர். ஒன்றைச் செருக, கட்டுப்பாட்டு அறை சில சமயம் அதை ஒதுக்கி நீட்டி அழைத்துவரும். இறங்கிய பிறகும் நிறுத்துமிடம் வரை தரையில் நீண்ட ஓட்டம். இவற்றையெல்லாம் கூட்டிப் பாருங்கள், ஒன்றரை மணி நேரம் நியாயமானதுதான் என்று தெரியும்.

காற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெங்களூரு – சென்னை தடம் ஏறக்குறைய நேர் கிழக்கு மேற்கு. அங்கே காற்று முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ வரும், போகும் நேரமும் வரும் நேரமும் மாறும். தூத்துக்குடித் தடம் வடக்கு தெற்கு. நம் பகுதியில் வீசும் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் படும். அதனால் இரு திசைகளிலும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

முத்துநகர் (ஹெப்பால்)

ஏரல் மகன் தம்பிக்கு வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன், பெங்களூரில் கடை வைத்திருக்கிறேன். தொழில் காரணமாக இந்தத் தடத்தில் அடிக்கடி போய் வருகிறேன்.

ஐயா சொன்ன தீர்க்கரேகைக் கணக்கை வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பாருங்கள், மனம் நிறைந்துபோகும். தேவனஹள்ளிக்கும் வாகைகுளத்துக்கும் நேர்கோடு போட்டால் அது மேட்டூர் அணைக்கு மேலேயே போகிறது. பிறகு ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவே இறங்கி, திண்டுக்கல்லுக்குச் சற்று மேற்கே ஓடி, விருதுநகரைத் தொட்டு, கோவில்பட்டிக்குக் கிழக்கே வந்து முடிகிறது. விமானம் அட்சரம் பிசகாமல் அந்தக் கோட்டில் போகாது. ஆனால் வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடையாளம் கண்டுகொள்ளலாம். நடுவில் தீவுகளும் ஓரத்தில் செம்மண் கரையுமாக, கை விரித்ததுபோல் கிளை கிளையாகப் படுத்திருக்கும். பெங்களூருக்கு வரும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் கொடைக்கானல் மலைத்தொடரும் அம்மாவுக்குத் தெரியும். முதல் விமானப் பயணம் என்றால் அந்த இருக்கையையே வாங்கிக் கொடுங்கள்.

சாலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்குச் சாலையில் ஏறத்தாழ 580 கி.மீ. வான்வழியைவிட ஆறில் ஒரு பங்குதான் அதிகம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை என்று சாலையும் ஏறக்குறைய அதே கோட்டில் தெற்கே இறங்குவதுதான் காரணம். கோயம்புத்தூரை எடுத்துக்கொண்டால் வானில் 250 கி.மீ., சேலம் வழிச் சாலையில் சுமார் 365 கி.மீ. அங்கே வளைந்து போக வேண்டியிருக்கிறது. நம் ஊருக்கு அந்த வளைவு இல்லை. ஆனாலும் காரில் பத்து, பதினொரு மணி நேரம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

வாகைகுளம் இப்போது பழைய வாகைகுளம் இல்லை. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். புதிய முனையத்தை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்து வைத்தார். பழைய கட்டடத்தில் மழைக்காலத்தில் முதியவர்களை அழைத்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஏரலிலிருந்து முக்கால் மணி நேரத்தில் அங்கே வந்துவிடலாம். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருப்பதால் வழியில் சிக்கல் இல்லை.

பழைய பயணி (அல்சூர்)

எல்லோரும் விமானத்தின் பக்கமே பேசுவதால் ரயிலுக்காக நான் பேசுகிறேன். தூத்துக்குடியில் மாலையில் மைசூரு எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலையில் பெங்களூரு. பதினான்கு மணி நேரம் என்று கேட்டவுடன் மலைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி தூக்கம். ஏசி பெட்டியில் கீழ்ப் படுக்கை கிடைத்தால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வரலாம். விமானத்தில் ஒன்றரை மணி நேரம் என்றாலும் கால் மடங்கியேதான் இருக்க வேண்டும். முழங்கால் நோயாளிக்கு எது நல்லது என்று நீங்களே யோசியுங்கள்.

தவிர, அந்த ரயில் ஓசூர் வழியாக வருகிறது. எலக்ட்ரானிக் சிட்டிக்காரர் ஓசூரிலேயே இறங்கிவிடலாம். அங்கிருந்து வீடு சுமார் 20 கி.மீ. விமானத்தில் வந்தால் தேவனஹள்ளியில் இறங்கி, நகரம் முழுவதையும் வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து 55 கி.மீ. போக வேண்டும். அந்தச் சாலை நேரத்தையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

மதுரை – பெங்களூரு கன்டோன்மென்ட் வந்தே பாரத் ரயிலும் 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. எட்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்கிறது.

சுங்கடி (ராமமூர்த்தி நகர்)

ஐயா, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் முதியவர்களை ரயிலில் அழைத்துவந்த அனுபவத்தில் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். என் மாமியாருக்கும் இதே முழங்கால் பிரச்சினைதான். படுத்து வரலாம் என்பது உண்மை. ஆனால் நடைமேடையிலிருந்து பெட்டிக்கு ஏறும் அந்த உயரப் படிகள், இரவில் ஆடும் ரயிலில் கழிவறை வரை நடப்பது, ஓசூரில் ரயில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் விடியற்காலை இருட்டில் பெட்டி படுக்கையோடு அவரை இறக்குவது — இந்த மூன்றும்தான் எங்களைப் படுத்தின. கழிவறைக்குப் பயந்து அவர் இரவெல்லாம் தண்ணீரே குடிக்காமல் வந்தார். அதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

வந்தே பாரத் நல்ல ரயில். எங்கள் மதுரைக்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் மதுரையில் அது அதிகாலை 5.15-க்குப் புறப்படுகிறது. ஏரலில் இருப்பவர் நள்ளிரவு தாண்டியவுடன் எழுந்து கிளம்ப வேண்டியிருக்கும். இவருடைய அம்மாவுக்குச் சரிப்படாது.

ஓமலூர் மாமரம் (பொம்மசந்திரா)

ஏரல் மகன், உங்கள் மனைவியின் தாய்மாமா விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கும் கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் பக்கம்தான். 2023 அக்டோபரில், சிறு ஊர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் விமானம் விடும் உடான் திட்டத்தில் அங்கே மறுபடியும் விமானங்கள் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன் சென்னைக்கு ஓடிக்கொண்டிருந்த சேவை நின்று, ஓடுபாதை வெறுமனே கிடந்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறோம். ஆனால் ஓமலூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு விமானத்தில் போகச் சொல்லி நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஐயாவின் முறையிலேயே கணக்கிட்டேன். தேவனஹள்ளிக்கும் கமலாபுரத்துக்கும் வானில் 161 கி.மீ. ஏ.டி.ஆர். தன் முழு வேகத்தில் போனால் 19 நிமிடத் தூரம். ஆனால் அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். அட்டவணையில் ஒரு மணி நேரம் போடுவார்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். தென் பெங்களூரின் வீட்டுக் கூரைகளைத் தாண்டி வடக்கே போய் இறங்கி, பிறகு சாலையில் இரண்டு மணி நேரம் தெற்கே திரும்பி வர வேண்டும். ஓமலூரிலிருந்து காரில் கிளம்பியவர் அதற்குள் உங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார். பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி பக்கம் இருக்கும் சேலத்துக்காரர்களுக்குச் சாலையும் ரயிலும்தான். எலகங்கா, ஹெப்பால்காரர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

இதற்காகத்தான் ஓசூரில் விமான நிலையம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் வகையில் ஓசூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார். தடை எங்கே என்றால், பெங்களூரு விமான நிலையத்துக்கான ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2008 மே மாதம் அது திறந்ததிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, மைசூரு, ஹாசன் தவிர, 150 கி.மீ. தொலைவுக்குள் வேறு விமான நிலையம் போட்டியாக வளரக் கூடாது என்பது விதி. அதாவது 2033 வரை. ஓசூர் அந்த வட்டத்துக்குள் விழுகிறது, 161 கி.மீ. தூரத்தில் இருக்கும் சேலம் சற்றே தப்பிவிட்டது. தென் பெங்களூரில் வேலை பார்க்கும் இத்தனை ஆயிரம் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு பயணத்திலும் நகரத்தைக் குறுக்கே கடந்து அலைவதை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்?

ஏரல் மகன் (எலக்ட்ரானிக் சிட்டி)

அனைவருக்கும் நன்றி. மாமாவைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ரயிலில் வரச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவைப் பற்றி ஒரு பயம் இருக்கிறது. என் நண்பர் ஒருவர் சிறு ஊர் ஒன்றுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். கிளம்பும் நாள் காலையில் விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வந்ததாம். அடுத்த விமானம் மறுநாள்தான். பெங்களூரில் மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் வேறு. அம்மாவை வாகைகுளத்தில் உட்கார வைத்துவிட்டு விமானம் வராமல் போனால் என்ன செய்வது?

வானக்கணக்கன் (எலகங்கா)

நியாயமான பயம். இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன்.

பனிமூட்டம் தேவனஹள்ளியில் பெரும்பாலும் விடியற்காலையில் இறங்கி, வெயில் ஏறியதும் கலைந்துவிடும். உங்கள் அம்மா ஏறப்போகும் விமானம் நண்பகலில் கிளம்பினாலும், அதே விமானம் காலையில் பெங்களூரிலிருந்து வேறு ஊருக்குப் போய்த் திரும்பி வந்திருக்கும். சிறு ஊர்களுக்கு ஓடும் ஏ.டி.ஆர். ஒன்றே நாள் முழுவதும் ஊர் ஊராகப் போய் வரும். காலையில் ஒரு மணி நேரம் தாமதமானால் அது மாலை வரை தொடரும். ஆகவே காலையிலேயே விமானம் எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப அம்மாவை வீட்டிலிருந்து கிளப்புங்கள். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரம்தான் என்பது உங்களுக்குப் பெரிய வசதி. மாலை விமானம் வேண்டாம். தாமதங்கள் எல்லாம் வந்து சேரும் நேரம் அது.

அடுத்தது உரிமை. இதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, உரிய முன்னறிவிப்பு இல்லாமல் விமானத்தை ரத்து செய்தால் மாற்று விமானமோ பணத்தைத் திரும்பத் தருவதோ கட்டாயம். அதோடு இழப்பீடும் உண்டு. அந்த இழப்பீடு எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது தெரியுமா? தூரத்தை வைத்து இல்லை, நான் முதலில் சொன்ன பிளாக் டைமை வைத்து. ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் வரை 7,500 ரூபாய். அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. தூத்துக்குடி விமானம் இரண்டாவது வகையில் வருகிறது. பறப்பது 58 நிமிடம்தானே என்று யாரும் வாதாட முடியாது, டிக்கெட்டில் இருக்கும் நேரம்தான் சட்டம். ஆனால் பனிமூட்டம், புயல் போன்ற இயற்கைக் காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. இப்படிப்பட்ட குறுந்தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் கொடுத்தாக வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். டிக்கெட் எடுக்கும்போது உங்கள் சரியான கைபேசி எண்ணைக் கொடுங்கள். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் செய்தி அவருக்குப் போகும், இழப்பீடு கேட்கும் உரிமையும் சிக்கலாகும்.

பழைய பயணி (அல்சூர்)

பெரிய ஓடுபாதை வந்துவிட்டதே, ஏர்பஸ் போன்ற ஜெட் விமானம் வந்தால் நேரம் பாதியாகக் குறையாதா? அப்படியானால் நானும் ரயிலை விட்டு வருகிறேன்.

வானக்கணக்கன் (எலகங்கா)

பாதியாகாது ஐயா. ஜெட் விமானம் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் போகும் என்பது உண்மை. ஆனால் 496 கி.மீ. தூரத்தில் அது ஏறி முடித்துச் சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். முழு வேகத்தில் ஓடக் கிடைப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான். தரையில் ஓடும் நேரமும் பெங்களூரைச் சுற்றி வரும் நேரமும் அப்படியேதான் இருக்கும். மொத்தத்தில் கால் மணி நேரமோ இருபது நிமிடமோ மிச்சமாகும். அதற்குக் கூடுதல் எரிபொருள் செலவு. இத்தகைய தூரங்களுக்கு விசிறி விமானங்களை ஓட்டுவதற்கு அதுவே காரணம். உடான் திட்டமே சுமார் 500 கி.மீ., ஒரு மணி நேரப் பயணம், அதற்குச் சலுகை இருக்கைகளில் 2,500 ரூபாய் என்ற கணக்கில்தான் தொடங்கியது.

பெரிய விமானம் வந்தால் வேறு நன்மை உண்டு. இருக்கைகள் கூடும், கட்டணம் குறைய வழி பிறக்கும். வாகைகுளத்துக்கு அது வர வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

சுங்கடி (ராமமூர்த்தி நகர்)

ஏரல் மகன், விமானம் என்று முடிவானால் இதைப் படித்துவிடுங்கள். எண்களைவிட இது முக்கியம்.

ஏ.டி.ஆர். விமானத்தின் பயணிகள் கதவு வால்பக்கம், இடப்புறத்தில் இருக்கிறது. கதவே கீழே திறந்து படியாகிவிடும். படிகள் சிலதான், ஆனால் குறுகலானவை, ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கயிறோ கம்பியோ இருக்கும். முனையத்தில் ஏரோபிரிட்ஜ் (விமானக் கதவு வரை நீளும் நடைபாலம்) இருந்தாலும் இந்தத் தாழ்ந்த விமானத்துக்குப் பெரும்பாலும் அதைப் பயன்படுத்தமாட்டார்கள். ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பாவது தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. கேட்கும்போது "படி ஏற முடியாது" என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதிக தூரம் நடக்க முடியாதவர், படி ஏற முடியாதவர், இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவர் என்று அவர்களிடம் தனித்தனி வகைகள் இருக்கின்றன. வெறுமனே நாற்காலி என்று சொன்னால் படியடியில் கொண்டுவந்து விட்டுவிட்டு "ஏறுங்கள் அம்மா" என்பார்கள்.

கதவு பின்னால் இருப்பதால் பின் வரிசைகளில் இருக்கை கேளுங்கள். இடைகழியில் நடக்கும் தூரம் குறையும். முத்துநகர் அண்ணன் சொன்ன இடப்பக்க ஜன்னல் பின் வரிசையிலும் கிடைக்கும். தலைக்கு மேலே இருக்கும் பெட்டி வைக்கும் இடம் மிகச் சிறியது. மருந்துப் பையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதைச் செக்-இன் செய்துவிடுங்கள். இறங்கும்போது காது அடைக்கும், ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏரல் மகன் (எலக்ட்ரானிக் சிட்டி)

அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே அச்செடுத்துத் தங்கையிடம் கொடுக்கப்போகிறேன். அவள்தான் அம்மாவோடு வருகிறாள்.

எல்லோரும் சொன்னதை வைத்து வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு கணக்கு போட்டேன். ஏரலிலிருந்து வாகைகுளம் முக்கால் மணி நேரம். அங்கே ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. விமானத்தில் ஒன்றரை மணி நேரம். பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி நேரம். தேவனஹள்ளியிலிருந்து வீட்டுக்கு இரண்டு மணி நேரம். ஆறே கால் மணி நேரம் வருகிறது. இதில் அம்மா தொடர்ந்து கால் மடக்கி உட்கார வேண்டியது விமானத்திலும் கடைசிக் கார்ப் பயணத்திலும்தான். பறக்கும் நேரத்தைவிட பெங்களூருக்குள் கார் எடுக்கும் நேரம் அதிகம் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆனாலும் ரயிலின் இரவைவிட இது மேல் என்று நினைக்கிறேன். நண்பகல் விமானத்துக்கே டிக்கெட் எடுக்கப்போகிறேன்.

முத்துநகர் அண்ணாச்சி, அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தைக் குறைக்க ஏதாவது வழி உண்டா?

முத்துநகர் (ஹெப்பால்)

இருக்கிறது தம்பி. நண்பகலில் கிளம்பும் விமானம் பிற்பகலில் இங்கே இறங்கிவிடும். நான்கு மணிக்குள் காரில் ஏறிவிட்டால் அலுவலகம் விடும் நெரிசலுக்கு முன் சில்க் போர்டைத் தாண்டிவிடலாம். வாயு வஜ்ரா என்ற விமான நிலையப் பஸ்களில் கே.ஐ.ஏ.-8 எலக்ட்ரானிக் சிட்டிக்கே வருகிறது. உங்களுக்கும் எனக்கும் அது போதும். அம்மாவுக்குக் கார்தான். முன் இருக்கையைப் பின்னால் தள்ளி அம்மாவை அதில் உட்கார வையுங்கள், காலை நீட்டிக்கொள்ளலாம்.

தாமதமாகி ஆறு மணிக்கு மேல் இறங்கினால் அந்த நெரிசலில் அம்மாவை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஹெப்பால் வழியிலேயே இருக்கிறது. எங்கள் வீடு தரைத்தளம், படியே கிடையாது. இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள். என் மனைவிக்கும் ஏரல்தான் பிறந்த ஊர். தனிச்செய்தியில் முகவரி அனுப்பியிருக்கிறேன்.